சாயங்காலத்துக்குள் உண்மையாக வேண்டும்

குடிநீர் அலுவலகங்களில் ஆங்கில அறிவு வற்றிக்கொண்டு வருவதை மேலிடம் கண்டுபிடித்தது. தண்ணீர் அதற்கு முன்பே வற்றிவிட்டது. அதை மேலிடம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே, 'அலுவலக வாசலில் தினம் ஓர் ஆங்கிலச் சொல், அதன் பொருள், எடுத்துக்காட்டு வாக்கியம் ஆகியவை கரும்பலகையில் எழுதப்பட வேண்டியது' என்று உத்தரவு பிறந்தது.

எழுதும் வேலை, கையெழுத்து அழகாயிருந்த பாவத்துக்காக, ஒரு பெண் குமாஸ்தாவின் தலையில் விழுந்தது. அன்றுமுதல் அவள் பெயர் சாக்பீஸ் அக்கா. அவள் கணவனும் மகளும் ஓர் இரவு ரயில் தொலைவில், சொந்த ஊரில் இருந்தார்கள். அந்த ஊருக்கு மாற்றல் கேட்டு அவள் கொடுத்த மனு, அதிகாரியின் டீக் கோப்பைக்கு அடியில் படுத்திருந்தது.

முதல் நாள் சொல் 'லீக்'. பொருள், ஒழுகுதல். எடுத்துக்காட்டு: 'தி ஆபீஸ் ரூஃப் லீக்ஸ்', அதாவது அலுவலகக் கூரை ஒழுகுகிறது.

அன்று பார்த்து மேலிடத்து ஆய்வாளர் வந்து நின்றார். பலகையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"எங்கே ஒழுகுது?"

"ஒழுகலைங்க சார். சும்மா எடுத்துக்காட்டுக்கு," என்றாள் சாக்பீஸ் அக்கா.

"அரசாங்கப் பலகையில பொய்த் தகவலா?"

அதிகாரிக்கு வேர்த்துவிட்டது. "சாயங்காலத்துக்குள்ள ஒழுக வச்சிடுறோம் சார்."

குழாய் ஃபிட்டர் கடப்பாரையோடு ஏறினார். ஓடுகள் கழன்றன. மழை ஒத்துழைக்காததால் இரண்டு வாளித் தண்ணீரும் மேலே போயிற்று. ஆய்வாளர் நனைந்தார், மகிழ்ந்தார். இனிப் பலகையில் வருவது எதுவானாலும் சாயங்காலத்துக்குள் உண்மையாகிவிட வேண்டும், காலையிலேயே தனக்குப் பலகையின் புகைப்படம் வந்துவிட வேண்டும் என்று ஆணையிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் ஃபிட்டர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"அக்கா, இங்கிலீஷ்ல தாராள மனசுக்கு என்ன சொல்லுவாங்க?"

"ஜெனரஸ்."

"நல்லா இருக்கே. அதிகாரியை வச்சு ஒரு வாக்கியம் போடுங்களேன்."

போட்டாள். அதிகாரி படித்தார், பெருமூச்சு விட்டார், எல்லாருக்கும் டீயும் கேக்கும் வாங்கிக் கொடுத்தார். 'ஸ்பின்' என்று எழுதிய நாளில் புது மின்விசிறி சுழன்றது. குட்டித் தூக்கத்துக்கான சொல் வந்த நாளில் அலுவலகமே தூங்கியது. யாராவது கடமை தவறி விழித்திருக்கிறார்களா என்று அதிகாரி சுற்றி வந்து பார்த்தார். ஒரு நாள் மரபுத்தொடர் வந்தது: 'பாஸ் தி பக்', பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுவது. 'எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் இதைச் செய்கிறோம்' என்று எழுதினாள். அன்றைக்கு மட்டும் யாரும் புதிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

வாசலில் காலி வாளியோடு நின்ற ஒருத்தி எல்லாவற்றையும் படித்துவந்தாள்.

"எழுத்து முத்து முத்தா இருக்கும்மா. தண்ணி வருதுன்னு ஒரு வரி எழுதக்கூடாதா?"

"எழுதலாம்மா, எழுதலாம். அதுக்கும் ஒரு நாள் வரும்."

அடுத்த நாள் வந்தது வேறு. 'டிரான்ஸ்ஃபர்'. எடுத்துக்காட்டு: எங்கள் குமாஸ்தா சொந்த ஊருக்கு மாற்றப்பட்டார்.

"என்னம்மா இது? அழி," என்றார் அதிகாரி.

"போட்டோ போயாச்சு சார்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். கோப்பையைத் தூக்கினார். வட்டமான கறைக்கு நடுவே கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகும் காகிதம் பல மேசைகளைச் சுற்றியது. சாக்பீஸ் அக்கா ஊர் போய்ச் சேர்ந்தபோது கோடை வந்துவிட்டது. மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். முகம் கழுவ அக்கா குழாயைத் திறந்தாள், குழாய் இருமியது.

"தண்ணி வந்து ஒரு வாரமாச்சு," என்றான் கணவன். "ஃபிட்டருங்க எல்லாம் உங்க புது ஆபீஸ் கூரையை உடைச்சிட்டிருக்காங்க. கான்கிரீட்டாம், லேசில உடையலையாம்."

மறுநாள் புது அலுவலகத்தின் வாசலில் கரும்பலகை. அதில் 'லீக்'. அவள் துடைப்பானை எடுத்தாள்.

"கை வைக்காதீங்கம்மா," என்று பதறினார் புது அதிகாரி. "எந்த ஊர்லயோ ஒரு மேதை எழுதினதாம். எல்லா ஆபீசுக்கும் அச்சடிச்சு அனுப்பியிருக்காங்க. ஓர் எழுத்துகூட மாத்தக்கூடாது. முதல் வாக்கியமே இன்னும் உண்மையாகலைன்னு நானே தவிச்சிட்டிருக்கேன்."

"தண்ணி வருதுன்னு ஒரே ஒரு வரி, சார்."

அவர் அச்சடித்த தாள்களைப் பொறுமையாகப் புரட்டினார். "டீ இருக்கு. ஃபேன் இருக்கு. தூக்கம் இருக்கு. மாற்றல்கூட இருக்கு. தண்ணிதான் அந்த மேதைக்குத் தோணலை போல."

மேலே கான்கிரீட் ஒருவழியாக உடைந்தது. ஊரில் மிச்சமிருந்த இரண்டு வாளித் தண்ணீரும் சாக்பீஸ் அக்காவின் தலையில் விழுந்தது.