சும்மா இருக்க மூன்று பாகம்

நெய்வேலி, 17-ஆம் வட்டம்.
சனிக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மச்சான் சிவக்குமார் அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் தங்கை மலர்கொடியின் புருஷன் வைத்திலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் குவார்ட்டர்ஸில் ‘யாவரும்’ என்று சொல்ல ஆள் இல்லை, நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். நானும் நலமில்லை. திருவதிகையில் தாங்களும் தங்கள் துணைவியார் கஸ்தூரியம்மாள் அக்காவும் என் மனைவியும் நலமாக, முக்கியமாக வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் எவன் கடிதாசி எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் காரில் ஏறும்போது உங்கள் தங்கை சொன்னதை நீங்களும்தான் கேட்டீர்கள். “உங்க கொரலு காதுல வுழாத எடத்துக்குப் போறேன்” என்றாள். நான் போன் பண்ணினால் என் குரல் அவள் காதில் விழுந்துவிடும். உங்களுக்குப் பண்ணினாலும் விழும். ஏன், பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுக்கே விழும் என்பாள். கடிதத்துக்குக் குரல் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

மச்சான், மரியாதை குறையாமல் ஒன்று சொல்கிறேன், இவ்வளவுக்கும் மூலகாரணம் நீங்கள்தான். கடலூர்க் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து நான் “ரசம்!” என்று கேட்டதற்குப் பரிமாறுகிற ஆள் வாளியைக் கீழே போட்டுவிட்டான். அப்போது நீங்கள் சும்மா இருந்திருக்கலாம். “மாப்ள, ஒரு நல்ல தியானப் புத்தகமா வாங்கிப் படிங்க, மனசு அடங்கும்” என்றீர்கள். மலர்கொடி அதை முந்தானையில் முடிந்துகொண்டுவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு சொன்னாள். “இத்தினி வருசம் நீங்க ஷிப்ட்டுக்குப் போற எட்டு மணி நேரம் எனக்கு ரெஸ்ட்டு. இன்னும் எட்டு மாசத்துல ரிட்டையரு. அப்பறம் நாள் முழுக்க வூட்லயே கத்திக்கினு இருந்தா நான் எங்க போவேன்? அதுக்குள்ள ஏதாச்சும் பொஸ்தகத்தைப் படிச்சி அடங்குங்க. இல்லன்னா ரிட்டையர்மென்ட்ட நீங்க தனியா கொண்டாடுங்க.”

நான் கோபக்காரன் இல்லை மச்சான். முப்பத்து மூன்று வருஷம் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் வேலை. அங்கே பக்கத்தில் நிற்கிறவனிடம் ‘மணி என்ன’ என்று கேட்கவே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அந்தக் குரலைச் சுரங்க வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர லாக்கர் கொடுக்கவில்லை. அதுதான் என் குற்றம். இருந்தாலும் பெண்டாட்டி சொல்லிவிட்டாள். எட்டு மாசம் கழித்து அவள் இல்லாத வீட்டில் நான் யாரிடம் கத்துவது? உண்மையாகவே பயந்துவிட்டேன். புத்தகம் தேடப் புறப்பட்டேன்.

முதலில் நூலகம். கவுன்ட்டரில் இருந்த விஜயகுமாரி மேடத்திடம், “மனசு அமைதியாவுறதுக்குப் புத்தகம் இருக்குங்களா?” என்று பணிவாகத்தான் கேட்டேன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனையும் தலையைத் தூக்கின. மேடம் விரலை உதட்டின்மேல் வைத்தார். பயிற்சியை இங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நானும் விரலை உதட்டின்மேல் வைத்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். மனசு லேசானது போலத்தான் இருந்தது. அப்புறம் அவரே எழுந்து வந்து அலமாரியைக் காட்டினார். அங்கிருந்த தியானப் புத்தகம் ஒன்றில் பன்னிரண்டாம் பக்கம் ஓரத்தில், எனக்கு முன்னால் படித்த புண்ணியவான் ‘இதெல்லாம் நமக்கு ஆவாது’ என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். பதின்மூன்றாம் பக்கத்திலிருந்து புத்தகம் புத்தம் புதுசு.

இன்னொரு புத்தகம் வெள்ளைக்காரர் எழுதி நம்ம ஆள் மொழிபெயர்த்தது. ஒரே ஒரு உலர்ந்த திராட்சையை எடுத்து, பார்த்து, முகர்ந்து, பத்து நிமிஷம் மென்று தின்ன வேண்டுமாம். முழு கவனமும் அதில்தான் இருக்க வேண்டுமாம். வீட்டில் திராட்சை இல்லை. நீங்கள் பொங்கலுக்கு அனுப்பிய முந்திரி இருந்தது. ஒன்றை எடுத்துப் பத்து நிமிஷம் மென்றேன். அப்போதுதான் தெரிந்தது மச்சான், பருப்பு சொத்தை. இத்தனை வருஷம் உங்கள் முந்திரியை வேகவேகமாகத் தின்றதால்தான் உங்கள் வியாபாரத்தின் மேல் நல்ல எண்ணம் வைத்திருந்திருக்கிறேன். அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், உறவு முக்கியம்.

கடைசியில் புத்தகக் கண்காட்சிக்குப் போனேன். ஆன்மிகக் கடைகளில் எல்லா அட்டையிலும் ஒருத்தர் மலை உச்சியில் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார். மலை உச்சியில் தனியா உட்கார்ந்தா நானும்தான் சிரிப்பேன். வெயிலில் ஷிப்ட் முடிச்சி, பஸ்ஸுல நின்னுக்கினே வந்து, வூட்டு வாசல்ல ‘ரேஷன் அரிசி வாங்கலியா’ன்னு கேக்கும்போது சிரிக்கச் சொல்லுங்க பார்ப்போம். கடைசிக் கடையில் ஒரு செட் பார்த்தேன். சும்மா இருப்பது எப்படி என்பதைப் பற்றி மூன்று பாகம், ஒவ்வொன்றும் செங்கல் கனம். “சும்மா இருக்கறதுக்கு மூணு பாகமாங்க?” என்று கேட்டேன். கடைக்காரர் காதைத் தடவிக்கொண்டே, “உங்களுக்கு மூணும் வேணும் சார்” என்றார். வாங்கிவிட்டேன்.

மூன்று பாகத்தையும் தூக்கிக்கொண்டு வந்ததற்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. முதல் பாகம், முதல் பயிற்சி: ‘வீட்டிலுள்ள ஓசைகள் அனைத்தையும் நிறுத்திவிட்டு இருபது நிமிடம் அமருங்கள்.’ எனக்குப் புரிகிற பாஷையில் எழுதியிருந்த ஒரே வரி அதுதான். போன சனிக்கிழமை விடியற்காலை, முதல் ஷிப்ட்டுக்குக் கிளம்பும் முன் உட்கார்ந்தேன். ஃபேன் ‘கிர்’ருன்னுது, ஃப்ரிட்ஜ் ‘உம்’முன்னுது. ஓசையை நிறுத்து என்றால் எங்கள் தொழிலில் எப்படி நிறுத்துவோமோ அப்படி நிறுத்தினேன். மெயின் ஸ்விட்சை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கி, அதன்மேல் சிவப்பு அட்டையை மாட்டினேன்.

அந்த அட்டையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும், நீங்கள் வியாபாரி. பெல்ட்டில் ரிப்பேர் வேலைக்கு இறங்கும்போது ஸ்விட்சை அணைத்து, ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள், இயக்காதே’ என்ற அட்டையை மாட்டுவோம். முன்பக்கம் மாட்டினவன் பேரும் நேரமும். வேலை முடிந்தால் பின்பக்கம் ‘கழட்டலாம்’ என்று எழுதிக் கையெழுத்து. அந்தக் கையெழுத்து விழாதவரை யார் மாட்டினானோ அவன்தான் கழற்ற வேண்டும், எவ்வளவு பெரிய ஆபீசரே வந்தாலும் தொடக்கூடாது. அந்த அட்டையை நம்பித்தான் நான் எத்தனையோ தடவை பெல்ட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறேன். வெளியே ஒருத்தனும் தொடவில்லை, அதனால்தான் உங்கள் தங்கை கழுத்தில் தாலி இருக்கிறது. நைந்துபோனதென்று ஒதுக்கின அட்டைகள் இரண்டு வீட்டு ஆணியில் எப்போதும் தொங்கும். பல்பு மாற்றினாலும் மாட்டாமல் மாற்ற மாட்டேன். இந்தச் சட்டத்தைக் கல்யாணமான முதல் மாசமே மலர்கொடிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கத்தித்தான்.

உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என்ன ஒரு அமைதி! இரண்டாவது நிமிஷமே தூங்கிவிட்டேன். ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்ததும் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். அட்டை மெயின் ஸ்விட்சிலேயே தொங்கியது.

மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்து லாக்கரைத் திறந்தால் போனில் பதினான்கு தவறிய அழைப்பு. வீட்டுக்கு வந்தால் மலர்கொடி வாசப்படியில் முறத்தால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “என்னா, கரன்ட் இல்லியா?” என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. உள்ளே போனால், மறுநாள் காலை நீங்கள் வருகிறீர்கள் என்று ஆட்டி ஃப்ரிட்ஜில் வைத்திருந்த இட்லி மாவு பொங்கி, வழிந்து, தரைக்கு வந்து, அடுத்த அறைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. “அட்டையைக் கழட்டி ஃபியூஸைப் போட வேண்டியதுதானே?” என்றேன்.

“மாட்டுனவன்தான் கழட்டணும்னு நீங்கதான முப்பது வருசமா கத்திக்கினு இருக்கீங்க? கழட்டியிருந்தா அதுக்கு ஒரு கத்து கத்தியிருப்பீங்க” என்றாள். நியாயம்தான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அன்னாள்கிட்டயாவது மாவைக் கொடுத்து வைக்கலாம் என்றால், அவர்கள் வேளாங்கண்ணிக்குப் போய்விட்டார்கள்.

மிச்ச மாவில்தான் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு இட்லி. மூன்றாவது இட்லியை வாயில் வைத்து “நல்லா இருக்கும்மா” என்று நீங்கள் சொன்னபோது உங்கள் இடது கண் தானாக மூடிக்கொண்டதை நான் கவனித்தேன். அந்தப் பெருந்தன்மை எனக்கு வரவில்லை. “மாவு ஏன் இப்பிடிப் புளிச்சிக் கெடக்கு?” என்று கேட்டுவிட்டேன். சாதாரணமாகக் கேட்டதுதான், எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றதற்கு நான் பொறுப்பில்லை. அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அடுக்களைக்குள் போய் முக்கால் மணி நேரம் பாத்திரத்தை உருட்டினாள். கோபத்தில் உருட்டுகிறாள் என்று நாம் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். ஆணியில் இருந்த இரண்டாவது அட்டையை எடுத்து ஏதோ எழுதி, அடுக்களைத் தாழ்ப்பாளில் மாட்டினாள். பையை எடுத்துக்கொண்டு உங்கள் காரில் ஏறிவிட்டாள்.

இன்றோடு ஆறு நாள் மச்சான். அட்டையில் ‘மாட்டியவர்: மலர்கொடி. நேரம்: காலை 10.40’ என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறது. அடுக்களைக்குள் அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. நான் கூடத்தில் இருக்கிறேன். கழற்றிவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும் என்பீர்கள். எனக்குத் தெரியும். முப்பத்து மூன்று வருஷத்தில் இன்னொருத்தர் மாட்டின அட்டையில் இந்தக் கை பட்டதில்லை, இனியும் படாது. மூணு வேளையும் மந்தாரக்குப்பம் மெஸ்ஸுக்கு சைக்கிள் மிதிக்கிறேன். அந்த சாம்பாரில் பருப்பைத் தேடுவதைவிட நூலகத்தில் நிம்மதியைத் தேடுவது சுலபம்.

சும்மா இருக்கிற மூன்று பாகத்தையும் காணோம். வீடு முழுக்கத் தேடிவிட்டேன். அவள்தான் அங்கே கொண்டு வந்திருக்க வேண்டும். மச்சான், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அவளை முதல் பாகத்தோடு நிறுத்திவிடுங்கள். பொருளடக்கத்தில் பார்த்தேன், மூன்றாம் பாகம் முழுக்கப் பற்றை அறுப்பது எப்படி என்று போட்டிருக்கிறது. அவள் அதுவரை போய்விட்டால் என் கதி என்ன? இட்லி வேண்டாம், ரசம் வேண்டாம். அவள் வந்து அந்த அட்டையைக் கழற்றினால் போதும். ஆறு நாளாக நான் கத்தவே இல்லை. ஒரே ஒரு தடவை கத்திப் பார்த்தேன், என்னைத் திட்ட ஆள் இல்லாமல் நன்றாக இல்லை. தயவுசெய்து உங்கள் தங்கையை அனுப்பி வையுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் மூட்டு வலி வீரட்டானேசுவரர் அருளால் குறையட்டும், உங்கள் வியாபாரம் பெருகட்டும், பருப்பில் சொத்தை விழாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பசியோடும் பணிவோடும்,
உங்கள் தங்கை புருஷன்
வைத்திலிங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பக்கத்து வீட்டு அன்னாள் வேளாங்கண்ணிப் பிரசாதத்தோடு வந்தது. “அண்ணி எங்கண்ணா? நீங்க ஏன் இப்பிடி எளச்சிப் போயிட்டீங்க?” என்று கேட்டுக்கொண்டே நேராக அடுக்களைக் கதவுக்குப் போய், “தொடாதே!” என்று நான் கத்துவதற்குள் அட்டையைத் திருப்பிவிட்டது. “பின்னாடி எழுதியிருக்கேண்ணா, நீங்க பாக்கலியா?” என்றது. இன்னொருத்தர் அட்டை என்று நான் தொடவே இல்லை, மச்சான். எத்தனை அட்டையின் பின்பக்கம் கையெழுத்துப் போட்ட கை இது! பின்பக்கம் இப்படி இருந்தது: ‘வேலை முடிந்தது. நான் கிளம்பியதும் கழட்டலாம். வத்தக்குழம்பு ஒரு வாரத்துக்கு வைத்திருக்கிறேன், சோறு மட்டும் வடித்துக்கொள்ளுங்கள். சாயந்திரம் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். காத்துக்கொண்டு இருப்பேன். கத்தாமல் கூப்பிட வேண்டும். — மலர்கொடி.’

உள்ளே போய்ப் பார்த்தேன். குழம்புச் சட்டி, சட்டிமேல் தட்டு, பூனை தள்ளாமல் இருக்கத் தட்டின்மேல் சும்மா இருக்கிற மூன்று பாகமும். வாங்கின நாள் முதலாக அவை செய்த முதல் உருப்படியான வேலை. ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. அவளை அனுப்ப வேண்டாம். ஆறு சாயந்திரம் உங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாளே, அதை ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா நீங்கள்? இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பண்ருட்டி பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன். உங்கள் தெருமுனையில் இறங்கியதும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அது இந்நேரம் உங்களுக்குக் கேட்டிருக்கும்.