கண்ணாடிக்காரர் பறித்த காளான்

பின்கதவுத் தாழ்ப்பாள் மெல்ல நகரும் ஓசை. அவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அது கேட்கும். "யாரது?" என்று குளியலறையிலிருந்து குரல் கொடுப்பார். "பூனைங்க" என்பாள் மனைவி. அந்த வீட்டில் பூனையே கிடையாது என்பது பல மழைக்காலங்கள் அவருக்கு உறைக்கவில்லை.

ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுபவர் அவர். ஒரு மழைக்காலத்தில் காட்டுக்காளான் பற்றிய படப்புத்தகம் ஒன்றை வாங்கிவந்தார். இனிக் கடைக்காளான் இந்த வீட்டுப் படியேறாது என்று அறிவித்தார். அன்றிலிருந்து மழைவிட்ட ஞாயிறுகளில் கூடையும் சின்னக் கத்தியுமாகத் தோப்புக்குப் போவார். கண்ணாடி வில்லைக்குக் காட்டும் அதே கவனத்தோடு, ஒவ்வொரு காளானையும் தரைமட்டத்தில் நறுக்குவார். கூடையில் துளி மண் இருக்காது. அதில் அவருக்குத் தனிப் பெருமை. கூடையை மனைவியிடம் நீட்டிவிட்டுக் குளிக்கப் போவார். குளித்து வந்தால் வறுவல் மணக்கும். சாப்பிட்டுவிட்டு, இதுவல்லவோ ருசி, கடையில் விற்பதெல்லாம் வெறும் பஞ்சு என்பார். அவள் தலையாட்டுவாள்.

வினை அவளுடைய அண்ணன் உருவத்தில் வந்தது. விருந்துக்கு வந்த அந்த மைத்துனருக்கு, இவர் காளான் பறிக்கும் கதையில் துளியும் நம்பிக்கை இல்லை. இவருக்கு ரோசம் வந்துவிட்டது. உங்கள் கண்ணெதிரிலேயே நான் சமைக்கிறேன் என்று, அன்று பறித்துவந்த கூடையோடு, குளிக்காமலே அடுப்பைப் பற்றவைத்தார்.

மனைவி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"முதல்ல குளிச்சிட்டு வாங்க."

"இன்னிக்குக் குளியல் கிடையாது."

"அப்ப சமையலும் கிடையாது."

"உனக்கென்ன தெரியும் காளானைப் பத்தி? இத்தனை வருஷமா நான் பறிச்சதைத்தானே தின்னுக்கிட்டிருக்கே."

அவள் அடுப்பை அணைத்தாள். பின்கதவுத் தாழ்ப்பாள் அதே ஓசையோடு நகர்ந்தது. திரும்பி வந்தபோது ஒரு கையில் கடைக்காளான் பொட்டலம். மறு கையில் மண் ஒட்டிய ஓர் அடித்தண்டு; முட்டையோட்டின் பாதிபோல ஒரு கிண்ணத்துக்குள் அது நின்றது. அன்று அவர் தோப்பிலிருந்து திரும்பும் வழியில் அரட்டையடித்த நேரத்தில், அவர் நறுக்கிய இடத்திலேயே அவள் தோண்டியெடுத்துப் பின்கட்டில் வைத்திருந்தது.

"இந்தக் கிண்ணம் இருந்தா விஷம், தொடவே கூடாதுன்னு உங்க புத்தகத்துலயே போட்டிருக்கு. நீங்க அதை மண்ணுக்குள்ள விட்டுட்டு, மேல மட்டும் சுத்தமா நறுக்கிக்கிட்டு வர்றீங்க."

அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப இத்தனை நாள் நான் தின்னது?"

"அந்தப் பஞ்சைத்தான்."

"ஏன் சொல்லலே?"

"கூடையோட வரும்போது உங்க முகம் இருக்கே, அதைப் பார்த்துட்டுச் சொல்ல மனசு வரலே."

"மாப்பிள்ளை, எனக்குக் கண்ணாடி வேற கடையில பார்த்துக்கறேன்" என்றார் மைத்துனர்.

அதன்பிறகும் மழைவிட்டால் அவர் தோப்புக்குப் போனார். மண்ணோடு தோண்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவார். தாழ்ப்பாள் நகரும்.

"பூனையா?"

"பூனைதாங்க."

சில வருடங்கள் கழித்து அவள் அவருக்கு முந்திக் காலமானாள். அதற்குப் பிறகு அவர் காளானைக் கடையில்தான் வாங்கினார்.