சுவரிலிருந்து ஒரு சாண்

இந்த வருடம் வைகாசியில் நான் இரண்டு தீர்மானங்களை ஏகமனதாக நிறைவேற்றினேன். கூட்டத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். ஏகமனதுக்கு அது வசதி.

தீர்மானம் ஒன்று: உயிர் உள்ளவரை மேல்மாடியில்தான் படுப்பேன். தீர்மானம் இரண்டு: முன்னறைச் சுவரோரம் அடுக்கியிருக்கும் என் இருபத்திரண்டு பெட்டிகளும் ஓர் அங்குலமும் அசையாது.

இரண்டையும் எதிர்த்தவள் என் மனைவி ராசமலர். முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருடம் வேலை. யார் எந்தப் படியில் விழுவார் என்று நடையைப் பார்த்தே சொல்லுவாள். என் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு ஒரே கோரிக்கை.

"அந்தப் பெட்டியளை எடுத்தா முன்னறையிலை ரெண்டு கட்டில் போடலாம். பதின்மூண்டு படி. அதுவும் வளைஞ்ச படி. ஏன் இந்தச் சீவன் போற ஏற்றம்?"

"கீழை வந்து படுக்கிறது பின்வாங்கல், மலர்."

"பின்வாங்காட்டி விழுவியள்."

"நான் விழுற ஆளில்லை."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மாசி மாதம் அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் மூன்று படி சறுக்கிக் கீழே வந்திருந்தேன். எந்த வரலாற்றிலும் அது பதிவாகவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பெட்டிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். உள்ளே நான் எழுதி, நானே அச்சடித்த துண்டுப்பிரசுரங்கள். யாழ்ப்பாணத்தில் முதலாளிகளுக்கு எதிராக எழுதினேன். டென்மார்க்கில் இந்தப் பிராண்டே ஊருக்கு வந்து தொழிற்சாலை மேலாளருக்கு எதிராக எழுதினேன். பிறகு தொழிற்சங்கத் தலைவருக்கு, கோயில் நிர்வாகத்துக்கு, கடைசியில் என்னோடு நின்ற தோழர்களுக்கு எதிராகவும் எழுதினேன். அவர்கள் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் திருந்தியிருப்பார்கள். திருந்தாத உலகத்துக்குச் சாட்சியாக இருபத்திரண்டு பெட்டிகள்.

என் தீர்மானங்களைக் கேட்ட ராசமலர் வாதத்தை நிறுத்திவிட்டாள். வென்றேன் என்று நினைத்தேன். முப்பத்தெட்டு வருடமாக நான் செய்யும் பிழை அது.

ஒரு கிழமை கழித்துத் தொலைபேசியை நீட்டினாள்.

"இஞ்சருங்கோ, இதிலை ஒரு கம்பனிக்காரன் பொய் போட்டிருக்கிறான்."

"எங்கை?"

"ஒரு புரொஜெக்ரராம். சுவரிலையிருந்து ஒரு சாண் தள்ளி நிலத்தோடை வைச்சாக் காணுமாம். சுவர் நிறையப் படம் விழுமாம். வீடே தியேட்டர் மாதிரியாம்."

"ஒரு சாணிலையோ? ஆருக்குக் கதை விடுறான்?"

"பொய்தான். ஆனா ஒருத்தராலையும் நிரூபிக்கேலாதாம்."

"ஆர் சொன்னது?"

"ஸ்ரனிஸ்லாஸ்."

ஸ்ரனிஸ்லாஸ் பக்கத்து வீடு. மன்னார்க்காரன். காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை. நல்ல மனிதன்தான், ஆனால் விளம்பரங்களை நம்புவான்.

"ஸ்ரனிஸ்லாசுக்கு நிரூபிக்கேலாது. எனக்கு ஏலும்."

"பதினாலு நாளுக்குள்ளை வேண்டாமெண்டால் திருப்பி அனுப்பலாமாம்."

அந்த இடத்தில்தான் எனக்குள் பழைய நெருப்பு எழுந்தது. பதினான்கு நாள் பரிசோதிப்பது. ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்வது. அறிக்கையோடு சேர்த்துப் பெட்டியை அவன் வாசலிலேயே திருப்பி வைப்பது. ஓகூஸ் நகரத்தில் இருக்கும் மகள் சாரங்கி இணையத்தில் ஓடர் செய்து தந்தாள். "எதுக்கு அப்பா இது?" என்று கேட்டாள். "அம்பலப்படுத்த" என்றேன். "ஓகே, ஃபா" என்று டேனிஷில் பெருமூச்சு விட்டாள்.

முதல் நாள். வெள்ளை நிறத்தில் ஒரு தட்டைப் பெட்டி. சுவரோரம் வைத்து இயக்கினேன். ஒரு திமிங்கிலம் வந்தது. என் பிரசுரப் பெட்டிகளின் மேல் நெளிந்து நெளிந்து நீந்தியது. தலை ஒரு பெட்டியில், வயிறு இன்னொன்றில், வால் எங்கேயென்று தெரியவில்லை.

"தோல்வி," என்று எழுதினேன். "திமிங்கிலம் துண்டு துண்டாக வருகிறது."

"நல்லா எழுதுங்கோ," என்றாள் ராசமலர். "ஆனா அவங்கள் என்ன சொல்லுவாங்கள் தெரியுமோ? பிழை உங்கடை பெட்டியளிலை எண்டு."

"என்ரை பெட்டியிலை பிழையோ?"

"இருபத்திரண்டிலையும்."

ஒரு கம்பனிக்கு அந்தச் சாக்குப்போக்கைக் கொடுக்கலாமா? பதினான்கே நாளைக்கு, தற்காலிகமாக, பெட்டிகளை மேலே எங்கள் படுக்கையறைக்கு மாற்றச் சம்மதித்தேன். ஸ்ரனிஸ்லாஸ் வந்து சுமந்தான். அவன் முழங்கால் நல்ல முழங்கால்.

"அண்ணை, இதுக்குள்ளை என்ன, கல்லோ?"

"கருத்து."

"பாரமான கருத்து," என்றான் ஏழாவது படியில் மூச்சிரைக்க.

இப்போது திமிங்கிலம் முழுசாக வந்தது. ஆனால் அதற்கு அம்மை போட்டிருந்தது. உடம்பெல்லாம் பரு. ஏனென்றால் எங்கள் சுவரில் ஒட்டியிருந்தது மரத்தூள் பதித்த பழைய தாள். சாதாரண விளக்கில் தெரியாது. இந்த இயந்திரத்தின் ஒளியோ அடியிலிருந்து சுவரை உரசிக்கொண்டு ஏறுகிறது. ஒவ்வொரு தூளுக்கும் ஒரு நிழல். சுவர் மறைத்து வைத்திருந்த மேடுபள்ளம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஒரு கணம் அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு மரியாதையே உண்டானது.

"திமிங்கிலத்துக்குத் தோல் வியாதி," என்று எழுதினேன்.

"பிழை சுவரிலை எண்டுவாங்கள்," என்றாள் அவள் குசினியிலிருந்து.

பத்து வருடமாக அந்தத் தாளை உரிக்கச் சொல்லிக் கேட்டவள் அவள். பத்து வருடமாக எனக்கு நேரமில்லை. இப்போது மூன்றே நாளில் உரித்தேன், பூசினேன், தேய்த்தேன். அவள் வாங்கி வைத்திருந்த ஒளி தெறிக்காத வெள்ளையை இரண்டு தரம் அடித்தேன்.

இருபது வயதில் நான் சுவரில் எழுதியவன். நாங்கள் எழுதிவிட்டுப் போனால் அரசாங்கம் ஆள் அனுப்பி வெள்ளையடிக்கும். அப்படி அடிக்கிறவனைக் கூலிக்காரன் என்று ஏசியிருக்கிறோம். அறுபத்தெட்டு வயதில், பிராண்டேயில், தூரிகையோடு நின்றது நான். கூலியும் இல்லை.

"வடிவாயிருக்கு," என்றாள் ராசமலர், ஒரு எழுத்தும் இல்லாத அந்தச் சுவரைப் பார்த்து.

அடுத்த எதிரி சூரியன். ஆனி மாதத்தில் டென்மார்க்கில் அது இரவு பத்து மணிக்கும் வீட்டுக்குப் போகாது. வெளிச்சத்தில் திமிங்கிலம் கழுவின சட்டை போல வெளிறியது. கறுப்பு என்று சொல்லிச் சாம்பலை விற்கிறார்கள் என்று எழுதினேன். யன்னலைக் காட்டினாள். மறுநாளே அடர்த்தியான இருட்டுத் திரைச்சீலை வந்தது. யன்னலுக்கு நானே கம்பி அடித்தேன். இழுத்து மூடினால் நண்பகலிலும் நல்ல தூக்கம் வரும் இருட்டு. அதை நான் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். நான் கவனிக்கவில்லை.

எட்டாம் நாள் சத்தப் பரிசோதனை. இயந்திரத்துக்குள் ஒரு விசிறி மெல்ல இரையும். கதிரையில் இருந்து கேட்டுக் குறிப்பெடுத்தேன்.

"இருந்து பாக்கிறவையின்ரை கணக்கு மட்டும் காணுமோ?" என்றாள் ராசமலர். "வேலையாலை களைச்சு வாற தொழிலாளி படுத்திருந்துதானே பாப்பான்."

இந்த வாதத்தை என்னால் மறுக்க முடியுமா? அவள் மெத்தையை நிலத்தில் விரித்தாள். தொழிலாளியாக நான் படுத்தேன். அவள் அளவு நாடாவை என் உச்சந்தலையில் வைத்துக் குதிக்கால் வரை இழுத்தாள்.

"என்ன அளக்கிறீர்?"

"பார்வைத் தூரம்."

"பார்வைத் தூரம் கண்ணிலையிருந்து சுவருக்கல்லோ?"

"அது ஒரு முறை. இது இன்னொரு முறை. அசையாமக் கிடவுங்கோ."

எழும்பத்தான் முடியவில்லை. இரண்டு கையாலும் என்னை இழுத்தெடுத்தாள். "நிலம் சரிவராது. முழங்கால் அளவு உயரம் வேணும். எழுதுங்கோ," என்றாள். எழுதினேன்: "பார்வையாளர் முழங்கால் உயரத்தில் படுத்திருத்தல் உத்தமம். சுவிச் கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும்." என் கையெழுத்துத்தான். இப்போதும் இருக்கிறது.

பதினோராம் நாள் வந்தது. அதைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபமில்லை.

ஸ்ரனிஸ்லாஸ் தன் மகள் மரினாவின் கலியாண வீடியோவைக் கொண்டுவந்தான். போன ஐப்பசியில் கோல்டிங்கில் நடந்தது. ரீவியில் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். மணமக்களைப் பார்த்தேன், சாப்பாட்டைப் பார்த்தேன். படத்தின் ஓரங்களைப் பரிசோதிக்க அது நல்லது என்றான். ஓரங்களில்தான் இந்த இயந்திரங்கள் கள்ளம் செய்யும். ஆகவே நடுவில் கேக் வெட்டியபோது நான் வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே, மண்டபத்துப் படிக்கட்டில், ஒரு கிழவன் இறங்கிக்கொண்டிருந்தான். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு படிக்கு ஒரு மூச்சு. கோட்டைப் பார்த்துத்தான் அது நான் என்று அறிந்தேன். என் கணக்கில் அன்று நான் விறுவிறென்று இறங்கியிருந்தேன்.

கீழே ராசமலர் நின்றாள். முகம் மேடைப் பக்கம். எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கிறாள், கை தட்டுகிறவர்களைப் பார்க்கிறாள். ஆனால் இடது கை மட்டும் பின்னால் என் பக்கம் நீண்டிருக்கிறது. என்னைத் தொடவில்லை. நான் விழுந்தால் பிடிக்கும் தூரத்தில், விரல்கள் விரிந்தபடி. நான் கடைசிப் படியில் கால் வைத்ததும் அந்தக் கை ஒன்றும் நடக்காததுபோல் சேலைத் தலைப்பைச் சரிசெய்யப் போய்விட்டது.

சின்ன ரீவியில் இது இருந்ததே இல்லை.

"திருப்பிப் போடு," என்றேன்.

"எதை அண்ணை, கேக்கையோ?"

"ஓரத்தை."

மூன்று தரம் பார்த்தேன். ராசமலர் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அறிக்கையில் எழுதினேன்: "ஓரங்கள் தெளிவு." அதற்கு மேல் எழுத வரவில்லை. எண்பது பிரசுரம் எழுதிய கைக்கு இரண்டு சொல்தான் வந்தது.

பதின்மூன்றாம் நாள் முடிவுரை எழுதினேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கம்பனிக்குச் சார்பாக எழுதினேன். "வைத்திருக்கத் தகும்."

பதினான்காம் நாள் காலை, சில்க்போர்க்கில் ஒரு கடையில் அறிக்கையை வடிவாக அச்சடித்துக் கட்டித் தருவார்கள் என்று ஸ்ரனிஸ்லாஸ் சொன்னான். பதினொரு பக்கம். மடியில் வைத்துக்கொண்டு அவன் காரில் போனேன். வழியில் ஒரு பார்சல் கடையில் நிறுத்தினான். பின்னாலிருந்து பழுப்புத் தாள் சுற்றிய பெரிய பெட்டி ஒன்றை எடுத்தான்.

"என்னடாப்பா இது?"

"மலர் அக்காவின்ரை பார்சல். அண்ணை, ஒருக்காக் கதவைப் பிடிப்பியளோ?"

கதவைப் பிடித்தேன். "கவனம், பாரம்போலை இருக்கு," என்றுகூடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தோம். வாசலில் சாமான் ஏற்றும் வான் ஒன்று புறப்பட்டுக்கொண்டிருந்தது. உள்ளே போனேன்.

முன்னறையில் இரண்டு கட்டில். சேர்த்துப் போட்டிருந்தது. முழங்கால் உயரம். என் நீளத்துக்கு ஒரு சாண் கூட. சுவிச் கைக்கெட்டும் தூரத்தில். யன்னலில் இருட்டுத் திரைச்சீலை. தலைமாட்டில், ஒரு பருவும் இல்லாமல், நான் அடித்த வெள்ளைச் சுவர். என் அறிக்கையின் ஒவ்வொரு பந்தியும் தளபாடமாக நின்றது.

"மேலை போற எண்ணமிருந்தாப் போங்கோ," என்றாள் ராசமலர் தலையணைக்கு உறை போட்டபடி. "ஆனா அங்கை இருபத்திரண்டு பேர் படுத்திருக்கினம். இடமில்லை."

"இது சதி."

"ஓம்."

"ஸ்ரனிஸ்லாசும் கூட்டு!"

ஸ்ரனிஸ்லாஸ் வாசலோடு வீட்டுக்குப் போய்விட்டான்.

"நான் விழுறவன் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

அவள் உறையைப் போட்டு முடித்தாள். "மாசி மாதம் படிக் கைப்பிடி கழண்டு கிடந்தது. ஆரோ பசை பூசி ஒட்டியிருந்தினம். ஸ்குரூ பூட்டத் தெரியாமப் பசை பூசுற ஆள் இந்த வீட்டிலை ஒராள்தான். நோட்டிஸ் ஒட்டின கை."

"அண்டைக்கே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா இன்னொரு தீர்மானம் போட்டிருப்பியள்."

கோபப்பட ஆயத்தமானேன். எனக்கு அது பழக்கம், இரண்டு நிமிடம் போதும். ஆனால் அவள் கட்டிலின் அந்தப் பக்கம் போர்வையைச் சரிசெய்துகொண்டே, முகத்தை யன்னல் பக்கம் வைத்துக்கொண்டே, இடது கையை என் பக்கம் நீட்டியிருந்தாள். தொடாமல். விரல்கள் விரிந்தபடி.

இந்த முறை பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். முழங்கால் ஒரு சத்தமும் போடவில்லை. உயரம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். சுவரோரம் பார்த்தேன்: புரொஜெக்ரர் இல்லை, கதவைப் பிடித்து நானே அனுப்பிவைத்த பார்சல் அதுதான்.

"சரி, மலர். அதைத் திருப்பி எடுப்பிப்பம். பதினொரு பக்கம் எழுதியிருக்கிறன். முடிவுரையைக் கேளும்: வைத்திருக்கத் தகும். ஓரமெல்லாம் அவ்வளவு தெளிவு."

"திருப்பி அனுப்பிற தாளிலை காரணம் எழுதச் சொல்லிக் கேட்டவங்கள். நான் எழுதிப்போட்டன்."

"பதினொரு பக்கக் காரணம் என்ரை கையிலை கிடக்க, நீர் என்னத்தை எழுதினனீர்?"

"'வேலை முடிஞ்சுது' எண்டு."