யப்பானிலிருந்து வந்த வாழ்த்து

பெரிய பணக்காரரைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்ததே இல்லை. கொழும்பில் யாரோ மாடிமேல் மாடி கட்டினால் கட்டட்டும். என் வயதில், என் தெருவில், என்னோடு ஒரே நாளில் தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்த ஒருத்தி புதுச் செருப்புப் போட்டால்தான் எனக்கு நித்திரை வராது. அந்த ஒருத்தியின் பெயர் மெரீனா. மாமாவின் மகள். பேசாலையில் எங்களுக்கு அடுத்த வீடு.

அவளுக்குக் கனடாவிலிருந்து அண்ணன் ஒரு லப்டொப் அனுப்பினான். வெள்ளி நிறம், அப்பளம் போல மெல்லியது. தட்டும்போது சத்தமே வராது. (வேலிக்கு இந்தப் பக்கம் நின்று காது கொடுத்துப் பார்த்தபிறகுதான் சொல்கிறேன்.) மாமா மாமியின் கலியாண வெள்ளிவிழாவுக்குப் பழைய படங்களை எல்லாம் சேர்த்து, பாட்டும் போட்டு, பங்கு மண்டபச் சுவரில் ஓடவிட்டாள். ஊரே கண்ணைத் துடைத்தது. நானும் துடைத்தேன். காரணம் வேறு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தொடங்கினார். "என்ன வடிவாச் செய்திருக்கிறாள் பார். அண்ணான்ர கலியாணத்துக்கும் அவளையே கேப்பம்."

"தேவையில்லை. நான் செய்வன்."

"எதில? உன்ர உடைஞ்ச போனிலயோ?"

அந்தச் சனிக்கிழமையே மன்னார் ரவுணுக்கு பஸ் ஏறினேன். பாவித்த லப்டொப் விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்கார நானா நேர்மையான மனிதர். என் கண் போன இடத்தைப் பார்த்ததுமே எச்சரித்தார்.

"இது யப்பானில கந்தோர் ஒண்டில பாவிச்சது, தங்கச்சி. பற்றரி மவுத்து. வயரைக் கழட்டினா அந்த இடத்திலயே நிண்டிரும். விலை ஒண்டுதான், பக்கத்தில இருக்கிற சின்னதை எடுங்கோ. அதில பற்றரி நல்லம்."

"மெரீனாவின்ர லப்டொப்பை விட எது பெரிசு?"

மெரீனா யாரென்று அவருக்குத் தெரியாது. கொஞ்சம் யோசித்தார். "எதுக்கும் இதுதான் பெரிசு. பாரமும் கூட."

"அப்ப இதைத் தாங்கோ."

மீன் பெட்டி சுமப்பதுபோல அதைச் சுமந்துகொண்டு வந்து, வேலியருகே நின்று மெரீனாவுக்குக் காட்டினேன். "யப்பானில இருந்து வந்தது," என்றேன். (பொய் இல்லையே.)

"வடிவா இருக்கடி. படம் அடுக்க உதவி வேணுமெண்டால் சொல்லு," என்றாள் அவள். அதில்தான் எனக்கு இன்னும் எரிந்தது. நல்லவளாக இருப்பதற்கும் அவளிடம் வசதி இருந்தது.

கலியாண நாள் வந்தது. பெண் வீட்டார் நானாட்டானிலிருந்து பஸ் பிடித்து வந்து மண்டபத்தின் முன்வரிசைக் கதிரைகளை நிறைத்தார்கள். நடுவில் பெண்ணின் பெரியப்பா. வெள்ளைச் சட்டை, வயலும் உழவு இயந்திரமும் உள்ள மனிதருக்குரிய நிமிர்வு. "எல்லாம் என்ர மகள்தான் செய்தவள்," என்று அம்மா அவரிடம் சொல்லிவிட்டார். மெரீனாவின் காதில் விழும்படி.

படம் ஓடத் தொடங்கியது. லப்டொப்பின் காற்றாடி வள்ள எஞ்சின் மாதிரி இரைந்தது. பரவாயில்லை. குழந்தை அண்ணா உடுப்பில்லாமல் குளிக்கிற பேசினுக்குள் இருந்த படம் வந்ததும் மண்டபமே சிரித்தது. நான் மெரீனாவைத் திரும்பிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துச் சுவர் இருண்டது.

சுவரோரம் ஐஸ்கிறீம் பெட்டியோடு நின்றவர் கையில் என் வயரின் தலை இருந்தது. "பெட்டி உருகுது, பிள்ளை," என்றபடி தன்னுடையதைச் செருகினார்.

வேறு இடத்தில் வயரைக் கொடுத்து மறுபடி போட்டேன். அது எழும்ப மனமில்லாமல் கிடந்தது. முன்வரிசை என்னைப் பார்த்தது. பதற்றத்தில் யப்பான் எழுத்துகள் நிறைந்த அந்தக் கீபோட்டில் கைக்கு அகப்பட்டதை எல்லாம் அமத்தினேன். திடீரென்று மண்டபத்து ஸ்பீக்கர்களில் ஒரு பெண்குரல். கனிவான, மரியாதையான யப்பானியக் குரல். (பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதியாம். எனக்குப் பிறகுதான் தெரியும்.)

பெரியப்பா எழுந்து நின்றார். "ஆரோ வெளிநாட்டில இருந்து வாழ்த்துச் சொல்லினம்!" என்று கை தட்டினார். முன்வரிசை எழுந்தது. மண்டபம் முழுவதும் தட்டியது. மைக் பிடித்திருந்த என் சித்தப்பாவுக்கு இது போதாதா? "யப்பானில இருந்து மணமக்களை வாழ்த்திய எங்கட சொந்தக்காரருக்கு நன்றி!" என்றார்.

நிறுத்துவதற்காக நான் ஒவ்வொரு கீயாக அமத்த, அவள் ஒவ்வொன்றுக்கும் ஏதோ சொல்ல, அவர்கள் ஒவ்வொன்றுக்கும் கை தட்டினார்கள்.

"எழும்படி," என்று மெரீனா வந்து வயரைப் பிடுங்கினாள். தன் பையிலிருந்து அப்பளத்தை எடுத்தாள். எல்லாப் படங்களும் அதில் இருந்தன.

"உனக்கு எப்பிடி?"

"உன்ர அண்ணா போன கிழமையே தந்தவர். ஒரு கவனத்துக்கு."

மேடையில் அண்ணாவைப் பார்த்தேன். அவன் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெரீனாவின் படங்கள் பிசகில்லாமல் ஓடின. ஆனால் யார் பார்த்தது? முன்வரிசை முழுக்க யப்பான் கதை. அங்கே என்ன வேலை, எவ்வளவு காலம், கலியாணம் ஆகிவிட்டதா. முதன்முறையாக மெரீனாவின் முகம் வாடியதைக் கண்டேன். அழ வேண்டிய நான் இரண்டு ஐஸ்கிறீம் சாப்பிட்டேன்.

உண்மையைச் சொல்லப் போனபோது அம்மா கையில் கிள்ளினார். "வாயைத் திறவாத."

திறக்கத்தான் வேண்டி வந்தது. மாதம் திரும்புமுன் பெரியப்பா ஒரு மூட்டை அரிசியோடு வந்து இறங்கினார். மகனின் பாஸ்போட் கொப்பியையும் கொண்டுவந்திருந்தார். "யப்பானில இருக்கிற அந்தத் தங்கச்சியிட்ட ஒருக்காச் சொல்லுங்கோ. பெடியன் எந்த வேலையெண்டாலும் செய்வான்."

அம்மா அடுப்படிக்குள் ஓடி ஒளிந்தார். நான் லப்டொப்பைக் கொண்டுவந்து பெரியப்பா முன்னால் வைத்து, குரலைப் பேச வைத்தேன். அவர் குனிந்து அதன் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அப்ப நான் எழும்பி நிண்டு கை தட்டினது இதுக்கோ?"

"ஓம்."

சிரிக்கத் தொடங்கியவர் கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் நிறுத்தினார். அரிசியைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. கதையைத்தான் நானாட்டான் முழுவதும் கொண்டுபோனார்.

அண்ணாவின் பிள்ளைகளுக்கு இன்று நான் 'யப்பான் மாமி'. அவர்களின் தாயின் ஊரான நானாட்டானுக்குப் போனாலும் அந்தப் பெயர்தான், யாரும் சொந்தப் பெயரைக் கேட்பதில்லை. மெரீனா அதற்குப் பிறகு எத்தனையோ லப்டொப் மாற்றிவிட்டாள். ஆனாலும் ஒரு நாட்டின் பெயரைச் சேர்த்து அவளை யாரும் கூப்பிடுவதில்லை. போன நத்தார்ப் பண்டிகைக்குப் பிள்ளைகள் என்னை அப்படிக் கூப்பிட்டபோது அவள் முகத்தைக் கடைக்கண்ணால் பார்த்தேன். கொஞ்சம் பொறாமை தெரிந்தது. (தெரிந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கோவன்.)