பதினாலாம் எண் குடியிருப்பில் முடிவெடுப்பது யார்?

ஒன்பதாவது வீட்டிலும் அதே பதில்தான் கிடைத்தது.

"இந்த வீட்டுல முடிவெடுக்கறது நான்தான்" என்றார் கூபாத். பக்கத்தில் இருந்த அவர் மனைவி அனார்கான் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, சைகாலின் கிண்ணத்தில் மறுபடியும் டீ ஊற்றினாள். அன்றைக்கு அது சைகாலுக்குப் பதினாறாவது கிண்ணம்.

காரகோல் நகரக் கல்லூரியில் சமூகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவள் சைகால். பதினாலாம் எண் குடியிருப்பின் இருபது வீடுகளிலும் ஏறி இறங்கி, குடும்பத்தில் முடிவெடுப்பது கணவனா மனைவியா என்று விசாரித்து எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினால் பெயில். பெயிலானால் அரசாங்கம் கொடுத்த இலவச இடம் போய்விடும். அதற்கப்புறம் ஊருக்குப் போய் அப்பாவோடு உருளைக்கிழங்கு தோண்ட வேண்டியதுதான்.

கேள்வி ஒன்றும் கஷ்டமில்லை. பேராசிரியை தமிரா மேடம் போட்ட நிபந்தனைதான் கஷ்டம். கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேட்க வேண்டுமாம். நாலாவது வீட்டில், "அண்ணே, கொஞ்ச நேரம் பக்கத்து ரூம்ல இருக்கீங்களா?" என்று பணிவாகத்தான் கேட்டாள்.

"என் வீட்டுலயே என்னை வெளிய போகச் சொல்றியா?" என்றார் அந்த மனிதர். அதோடு அந்த வழி அடைபட்டது.

இப்போது கூபாத் வீட்டில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. "கிண்ணத்தை நானே கழுவிடறேன் அக்கா" என்று எழுந்து அனார்கானோடு சமையலறைக்குப் போனாள்.

அனார்கான் கதவைச் சாத்தினாள். "கிண்ணத்தை வையி. எழுதிக்கோ. பையனை எந்த ஸ்கூல்ல சேர்க்கறது, நான். பழைய காரை விக்கறது, நான். யாரு கல்யாணத்துக்கு என்ன செய்யறது, அதுவும் நான். நாளைக்குப் பனி பெய்யுமா பெய்யாதான்னு முடிவு பண்றது அவரு."

சைகால் சிரித்துவிட்டாள். வெளியே இருமல் கேட்டது. கதவு திறந்தது.

"பனியைப் பத்தி நான் எப்பவாச்சும் தப்பாச் சொல்லியிருக்கேனா?" என்றார் கூபாத். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

வழி கிடைத்துவிட்டதால் அடுத்த இரண்டு நாளில் சைகால் இருபது வீட்டுச் சமையலறையிலும் கிண்ணம் கழுவினாள். இருபது பெண்களும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே பதிலைச் சொன்னார்கள். தாள்கள் நிரம்பின. பிழைத்தோம் என்று படியிறங்கும்போது, கீழே கூபாத் நின்றுகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தால் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர் மாதிரி இருந்தது.

"மத்த வீட்டுலல்லாம் என்னம்மா சொன்னாங்க?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுண்ணே."

"எனக்கு ஒருத்தனுக்குத்தான் இந்த நிலைமையா? அதை மட்டும் சொல்லு."

சைகாலுக்கு மனசு கேட்கவில்லை. "பேரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க கவலைப்படாதீங்கண்ணே. எல்லா வீட்டுலயும் அதேதான்."

கூபாத்தின் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு நேரே முற்றத்தில் டோமினோ ஆடுகிறவர்களிடம் போனார். பேர் சொல்லாவிட்டால் என்ன, இருக்கிறதே இருபது வீடுதான்.

மறுநாள், புதன்கிழமை, சைகால் விட்டுப்போன ஒரு கையெழுத்தை வாங்க வந்தபோது டோமினோ மேசையைச் சுற்றி இருபது ஆண்களும் காத்திருந்தார்கள். பல் டாக்டரான ஷாமில் முன்னால் வந்தார்.

"பொம்பளைங்க பேச்சைக் கேட்டு எழுதினா அது ஆய்வா? எங்ககிட்ட ஆதாரம் கேளு."

ஆதாரம் கேட்பதில் தப்பில்லை என்று சைகாலுக்குத் தோன்றியது. பத்துக் கேள்வி எழுதி ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். போன வருஷம் வீட்டில் என்னென்ன நடந்தது, என்னென்ன வாங்கினீர்கள், யார் முடிவு செய்தது, ஏன்?

ஆண்கள் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். பரீட்சை ஹால் மாதிரி அமைதி. ஐந்து நிமிஷத்தில் ஒருவர் போனை எடுத்துத் தணிந்த குரலில், "ஏய், நம்ம வீட்டுக் கம்பளம் என்ன கலரு?" என்றார். இன்னொருவர், "அடுப்பை மாத்தினோமே, அது என் யோசனைதானே?" என்று கேட்டுவிட்டு, வந்த பதிலை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஷாமில் முதல் கேள்வியில் 'சின்ன மகளுக்குப் பேர் வைத்தது நான்' என்று எழுதி, பேரைத் தப்பாக எழுதியிருந்தார்.

கடைசியில் எல்லாரும் தாளைக் கவிழ்த்து வைத்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கூபாத் தொப்பியைக் கழற்றி உள்ளே என்னவோ தேடினார்.

அதைப் பார்க்கச் சைகாலுக்குத் தாங்கவில்லை. அவளுடைய அப்பாவும் இப்படித்தான் தொப்பிக்குள் தேடுவார். "பழசை விடுங்கண்ணே. இப்ப ஒரு முடிவெடுங்க. நீங்களா எடுங்க. அதையே எழுதிக்கறேன்" என்றாள்.

ஆண்கள் நிமிர்ந்தார்கள். எதைப் பற்றி முடிவெடுப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார்கள். ஷாமில் மேலே பார்த்தார்.

"நம்ம கட்டடத்துக் கூரை ஒழுகுதில்ல? மாத்திட்டா என்ன?"

"மாத்துவோம்" என்றார் கூபாத். "யாரையும் கேட்க வேண்டியதில்ல."

பத்து நிமிஷத்தில் தீர்மானம் எழுதி இருபது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவருக்குத் தகரக் கடையில் மச்சான் இருந்தான். வியாழக்கிழமை காலையில் இருபது ஆண்களும் கூரைமேல் இருந்தார்கள். பல் டாக்டர் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு சுத்தியல் பிடித்திருந்தார்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்த சைகாலுக்கு அப்போதுதான் தான் செய்த தப்பு உறைத்தது. முதல் வருஷம் முதல் வகுப்பிலேயே தமிரா மேடம் கரும்பலகையில் எழுதிப் போட்டது நினைவுக்கு வந்தது. ஆய்வு செய்யப் போகிற இடத்தில் எதையும் மாற்றக் கூடாது. பார்க்கலாம், கேட்கலாம், எழுதலாம். அவளோ கூரையையே மாற்றிவிட்டாள்.

நேரே குடியிருப்புச் சங்கத் தலைவி ஷரபாத்தின் வீட்டுக்குப் போனாள். ஷரபாத் பெரிய அண்டாவில் புலாவ் கிளறிக்கொண்டிருந்தாள். கூரைமேல் இருப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு. அனார்கானும் இன்னும் நாலைந்து பெண்களும் சாலட்டுக்குக் காரட் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னை மன்னிச்சிடுங்க அக்கா" என்றாள் சைகால். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் கேள்வி கேட்க வந்தவ. உங்க வீட்டுக்காரங்க மனசை நோகடிச்சு, குளிர்ல கூரைமேல ஏத்திட்டேன். என் ஆய்வும் கெட்டுப்போச்சு. மேடத்துக்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். பெயில் பண்ணினா பண்ணட்டும்."

பெண்கள் நறுக்குவதை நிறுத்தினார்கள். மேலே சுத்தியல் சத்தம் மட்டும் தடதடவென்று கேட்டது. யாரோ ஒருவர் அதிகாரமாக, "அந்தத் தகரத்தை இந்தப் பக்கம் போடு, நான் சொல்றேன்" என்று கத்தினார்.

ஷரபாத் சைகாலைப் பிடித்து உட்கார வைத்தாள். ஒரு தட்டில் புலாவ் போட்டு, கறித்துண்டாகப் பொறுக்கி மேலே வைத்து, அவள் கையில் கொடுத்தாள்.

"அழாம சாப்பிடு கண்ணு, உன்னை யாரும் பெயில் பண்ண மாட்டாங்க" என்றாள். "கூரையை மாத்துங்கன்னு மூணு வருஷம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயி, போன மாசம்தான் நாங்க இருபது பேரும் கூடி முடிவு பண்ணி, 'வீட்டுல முடிவெடுக்கறது யாருன்னு எங்க ஆம்பிளைங்களைக் கேட்க ஒரு பொண்ணை அனுப்பிவை'ன்னு என்கூடப் படிச்ச உங்க தமிராவுக்குப் போன் போட்டோம்."