வெள்ளை வண்டியில் ஒரு நாய்

மூன்றாவது சிக்னலில் பின் இருக்கையில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

நடீன் கண்ணாடியில் பார்த்தாள். பழுப்பு நாய். அண்ணனுக்கு நாய் கிடையாது.

பதினோரு மணிக்கு அமரில்லோ நகர மண் பரிசோதனைக் கூடத்தில் நேர்முகத் தேர்வு. இரண்டு வருடத்தில் அவளை அழைத்திருந்த ஒரே இடம். அண்ணன் வண்டியில் நூறு மைல் வந்தவள், வழியில் ஓர் உணவகத்தில் காபி வாங்க நிறுத்தியிருந்தாள். டிசம்பர் குளிரில் அங்கே யாரும் இன்ஜினை அணைப்பதில்லை. சாவி வண்டியிலேயே இருக்கும். வாசலில் நின்றவை எல்லாம் வெள்ளைப் பிக்கப் டிரக்.

அண்ணனை அழைத்தாள்.

"கர்ட்டிஸ், உன் வண்டி நம்பர் என்ன?"

"வெள்ளை வண்டி."

"நம்பர் கேட்டேன்."

"அதை எவன் மனப்பாடம் பண்ணுவான்? ஏன், இடிச்சிட்டியா?"

"உள்ள நாய் இருக்கு."

"அப்ப அது என் வண்டி இல்ல. அடிப்பாவி! தாத்தா காலத்துல குதிரை திருடினா இந்த ஊர்ல தூக்குல போட்டாங்க, தெரியும்ல?"

முன் பெட்டியைத் திறந்தாள். கையுறை, குறடு, பாதி கடித்த பிஸ்கெட். ஊரில் எந்த வண்டியைத் திறந்தாலும் இவைதான்.

திரும்பிப் போய், எடுத்த இடத்திலேயே நிறுத்தினாள். பக்கத்தில் இன்னொரு வெள்ளைப் பிக்கப் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே நாய் இல்லை. ஏறிப் பறந்தாள்.

அரை மைல் தாண்டியதும் பாலாடைக்கட்டி வாசம் வந்தது. பக்கத்து இருக்கையில் சூடான கண்ணாடிப் பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கு. மேலே ஒட்டிய தாளில் 'வெல்மா ப்ரூயிட்'.

மறுபடி திரும்பினாள். உணவக வாசலில் ஓர் அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"என் உருளைக்கிழங்கை எங்கம்மா கூட்டிட்டுப் போற?"

"மன்னிச்சிடுங்க. என் வண்டின்னு நெனச்சு..."

"சாவு வீட்டுச் சாப்பாடு, கண்ணு. செத்தவன் காத்திருப்பான். அவன் தம்பிங்க காத்திருக்க மாட்டானுங்க."

வெல்மா போய்விட்டாள். வெள்ளை வண்டிகளில் நாய் வண்டி மட்டும் நின்றது. நாய்க்காரர்தான் அண்ணன் வண்டியை மாற்றி எடுத்துப் போயிருக்க வேண்டும்.

உள்ளே போய், நாய் யாருடையது என்று கேட்டாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது. யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

மணி பத்து ஐம்பது. வெளியே வந்து பரிசோதனைக் கூடத்துக்குப் பேசினாள். இயக்குநர் ஹாஸ்கெலே எடுத்தார். நடந்ததைச் சொன்னாள்.

"அந்த நாய் வண்டியிலயே வந்துடுங்களேன். பத்து நிமிஷம்தான்."

"அவர் திரும்பி வந்தா தேடுவாரே, சார்."

வேலை போயிற்று என்று நினைத்தாள்.

"இங்க நாப்பது மாவட்டத்து மண்ணு வருதும்மா. பாதிப் பையில சீட்டு மாறியிருக்கும். மாத்துனவங்க ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க. தப்பா எடுத்ததைத் திருப்பிக் கொண்டுபோய் வெச்சேன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான். ரெண்டு மணிக்கு வாங்க. நான் காத்திருக்கேன்."

நடீன் காபியை ஒரு வாய் குடித்தாள். ஆறிப் போயிருந்தது. ஆனாலும் நன்றாக இருந்தது.

உணவகத்தின் சமையலறைக் கதவு திறந்தது. சமையல்காரர் தட்டில் இறைச்சித் துண்டுகளோடு வந்து அந்த வண்டியின் கதவைத் திறந்தார். நாய் குதித்து இறங்கியது.

நடீன் ஓடினாள். "நீங்கதான் நாய்க்காரரா? எங்க அண்ணன் வண்டி எங்க?"

"என் நாய் இல்ல, கண்ணு. இவன் இங்கயே கெடக்குறவன். குளிருக்கு எந்தக் கதவு திறந்தாலும் ஏறிக்குவான். காலைல நீ காபி வாங்க இறங்குனப்ப உன் வண்டியில ஏறுனவன், இப்பத்தான் இறங்குறான்."