அறிவு விரயத் தடுப்புத் திட்டம்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த பெரிய சாதனை, எங்கள் நூலகக் குழுவின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நிகழ்ந்தது. சரித்திரம் நிகழ்ந்த அதே அறையில், செயலாளர் என்ற முறையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவன் நான்.

தலைவர் எழுந்தார். ஓய்வுபெற்ற பொறியாளர், தம் வாழ்க்கை வரலாற்றை ஆறு பாகங்களாகத் தாமே எழுதி, தாமே அச்சிட்டு, தாமே நூலகத்துக்கு வழங்கி, நன்றிக் கடிதத்தையும் தாமே எழுதிக்கொண்ட வள்ளல். படித்த புத்தகத்தையே மறுபடி படிப்பது, சாப்பிட்ட தட்டை நக்குவதற்குச் சமம் என்றார். மேசையைத் தட்டி வரவேற்றோம். இனி ஒருவருக்கு ஒரு நூல் ஒரே முறைதான். மறுபடி கேட்டால் கணினி சிவப்பு விளக்கைக் காட்டும். ‘அறிவு விரயத் தடுப்புத் திட்டம்’ என்று பெயர் வைத்தோம்.

முதல் சிவப்பு விளக்கு தையல்கடை அக்காவுக்கு எரிந்தது. ரயில்வே கேட்காரர் குடும்பத்தைப் பற்றிய ஒரு நாவலை வருஷா வருஷம் எடுத்துப்போகிற பழைய குற்றவாளி அவர். முடிவுதான் தெரியுமே, அப்புறம் எதற்கு என்று தலைவர் கனிவோடு விசாரித்தார்.

“முடிவு தெரிஞ்சதாலதான் சார் அவசரமில்லாம படிக்க முடியுது. முதல் தடவை அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகுமோன்னு ஓடிட்டேன். இப்பதான் அவ அம்மா பேசாம இருக்கற இடமெல்லாம் புரியுது. எங்க வீட்டுக்காரர் போனப்புறம், மனசு சரியில்லைன்னா அங்கதான் போவேன். எப்பப் போனாலும் எல்லாரும் வீட்டுல இருப்பாங்க.”

நூலகர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படியெல்லாம் இளகினால் நிர்வாகம் என்னாவது? தலைவர் மாற்று மருந்தாகத் தம் வரலாற்றின் முதல் பாகத்தை நீட்டினார். அக்கா கும்பிடு போட்டுவிட்டு வெறுங்கையோடு போனார்.

அடுத்த கூட்டம் இன்னும் ஆழமாகச் சிந்தித்தது. கிழிந்து, அழுக்கேறி, ஓரம் மடங்கிக் கிடக்கும் நூல்களை ஊரே திரும்பத் திரும்பப் படித்துவிட்டது. ஆகவே அவற்றின் வேலை முடிந்தது. அவற்றுக்குக் ‘கட்டாய ஓய்வு’ கொடுத்து, வண்டியேற்றிப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பினோம். கேட்காரர் குடும்பமும் அந்த வண்டியில்தான் போயிற்று. எவர் கையும் படாதவற்றை ‘உயர்தர நூல்கள்’ என்று தக்கவைத்தோம். தலைவரின் ஆறு பாகங்களும் முன்வரிசைக்கு வந்தன.

நூலகம் கண்ணாடிபோல ஆயிற்று. சிறந்த பராமரிப்புக்கான விருதும் கிடைத்தது. ‘அமைதி காக்கவும்’ பலகைக்கே அவசியமில்லாமல் போனதால் அதைக் கழற்றிவிட்டோம். ஆள்தான் வரவில்லை. எங்கே தொலைந்தார்கள் என்று கண்டறிய என்னை அனுப்பினார்கள்.

தேடிக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. பழைய பேப்பர் கடையில், செய்தித்தாள் கட்டுகளின்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் தராசை ஓரங்கட்டிவிட்டு இடம் ஒதுக்கியிருந்தார். நடுவில் தையல்கடை அக்கா, மடியில் அந்த நாவல். அட்டை போயிருந்த இடத்தில் பூப்போட்ட துணியை வைத்துத் தைத்திருந்தார். 

தலைவர் சோர்ந்துவிடவில்லை. வாசகர் இருக்கும் இடத்துக்கே அறிவு செல்ல வேண்டும் என்றார். ஆறு பாகங்களையும் என் தோளில் ஏற்றி, இனாமாகக் கொடுத்துவரச் சொன்னார்.

கடைக்காரர் ஒன்றை வாங்கிப் புரட்டினார். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

“கோவிச்சுக்காதீங்க சார். இதையும் வச்சா, அப்புறம் இங்கயும் யாரும் வரமாட்டாங்க.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குழுவின் தீர்மானத்தையும், விருதையும், உயர்தர நூல்களின் பெருமையையும் கடை அதிர விளக்கினேன். தையல்கடை அக்கா தலையைத் தூக்கவில்லை. விரலால் வரியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்:

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார். இது படிக்கிற இடம்.”